மலையடிவாரத்தில் கல்வாழை

ஐரிஸ் பூமேல் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதில் பெரும்பாலான ரகங்கள் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும். திருவண்ணாமலையின் செங்கம் சாலை வெயிலில் வெறும் இலையோடு நின்றுவிடும். அதைப் போலவே மண்ணுக்குள் கிழங்கு ஓடி, ஆண்டுக்கணக்கில் நிற்கும் கல்வாழையை நடுங்கள். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அதுவே மேல் என்பது என் கட்சி.

சித்திரை, வைகாசியில் வேண்டாம். வேர் பிடிப்பதற்குள் கிழங்கு காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டுவாய் அழுகும். ஆடிப் பட்டம் நல்லதுதான். ஆனால் ஆடிக்காற்று அகன்ற இலையைப் பிடித்து ஆட்டினால் புது வேர் அறுந்துபோகும். ஆவணியில் இரண்டு மழை பெய்து மண் பதமானதும் நட்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் செடி ஊன்றிவிடும்.

தாய்த்தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையால் நெம்புங்கள். மண்ணை உதறினால் நடுக்கிழங்கு பழுப்பேறிச் சக்கையாகத் தெரியும். அது எருக்குழிக்குப் போகட்டும். நமக்கு வேண்டியது விளிம்பில் இருக்கும் இளங்கிழங்கு: வெளிறிய, செதில் மூடிய உடல், நுனியில் இளஞ்சிவப்பு முளை. இரண்டு மூன்று முளை சேர்ந்த துண்டாக வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் ஒரு நாள் ஆறவிடுங்கள். இலையில் மஞ்சள் கோடு ஓடிய தூரைத் தொடவே வேண்டாம். அது பெரும்பாலும் வைரஸ். கிழங்கோடு கூடவே வரும்.

அடிவார மண்ணில் சரளை அதிகம். ஓர் அடிக் குழி எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, மண்ணோடு சரிபாதி மக்கிய சாணமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயிலைப் பார்க்க வேண்டும். கல்வாழையை மூன்று விரல் மண் மூட வேண்டும். முளை மேல்நோக்கி இருக்கட்டும். இடைவெளி ஒன்றரை அடி. இலையோடு எடுத்த கன்றானால் இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். நட்டதும் ஒரு குடம் தண்ணீர். பிறகு முளை எழும்வரை ஈரம் காயாமல் இருந்தால் போதும்.

புதிதாகக் கிளறிய மண்ணைக் குரங்கு சும்மா விடாது, மயில் குருத்தைக் கொத்தும். சீமைக்கருவேல முள்ளைப் பரப்பி வையுங்கள்.

குளியலறைத் தண்ணீர் ஓடும் இடம் இருந்தால் அங்கேயே நடலாம். கழிவுநீரைத் தாங்கும் செடி என்பதால்தான் வேர்வழிச் சுத்திகரிப்புத் தொட்டிகளிலும் இதை வைக்கிறார்கள்.

பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அடியோடு அறுத்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து, மிஞ்சும் கிழங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நர்சரியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே இல்லை இது.