நேரடி இரண்டாம் ஆண்டு: டிப்ளமோ முடிக்கும் பிள்ளைகளுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் சேருகிற பிள்ளைகள் பெரும்பாலும் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றுதான் சேருகிறார்கள். கடைசி வருஷத்தில் பி.இ. ஆசை தலைதூக்கும். தாராளமாக ஆசைப்படு. கூடவே இவற்றையும் கேட்டுக்கொள்.

1. டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு. காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான் பல ஆண்டுகளாக அதை நடத்தி வந்தது. அருப்புக்கோட்டை எஸ்.பி.கே. கல்லூரி மாதிரி இடங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும், பிளஸ் டூவில் கணிதம் இருந்தால், இந்த வழி உண்டு.

2. அரியர் வைக்காதே. ஒரே ஒரு பேப்பர் நின்றாலும் அந்த வருஷம் போச்சு.

3. உன் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரி சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிடு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று அது மேசை மேசையாகப் போய்வர நாளாகும். கலந்தாய்வில் இடம் வாங்கினால்தான் அந்தக் கட்டணச் சலுகை கிடைக்கும்.

4. ஆகவே, "சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று ஊருக்குள் பைக்கில் வருகிறவரிடம் அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டால் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தாலும் அவர் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

5. எல்லாவற்றிலும் பெரிய விஷயம் கணக்கு. மற்றவர்கள் முதல் வருஷத்தில் இரண்டு கணக்குப் பேப்பர் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். நீ நேரே மூன்றாம் செமஸ்டரில் போய் இறங்குவாய். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு அங்கே ஃபூரியே தொடர் காத்திருக்கும். அதில் ஒவ்வொரு கெழுவையும் கண்டுபிடிக்கத் தொகையிடல் வேண்டும். எக்ஸை சைனோடு பெருக்கித் தொகையிடும்போது பெர்னூலி சூத்திரம் கையில் ஓட வேண்டும். டிப்ளமோ முதல் வருஷத்தில் படித்ததுதான், இரண்டு வருஷத்தில் மறந்திருக்கும். கரிசலில் மழைக்கு முன்பே கோடை உழவு போடுவதுபோல, கடைசிப் பரீட்சைக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் தினம் பத்துக் கணக்கு போட்டுப் பார்.

6. டிப்ளமோவில் தொண்ணூறு சதவீதம் வாங்கியிருந்தாலும் அது பி.இ. மதிப்பெண்ணில் சேராது. மற்றவர்களுக்கு எட்டு செமஸ்டர், உனக்கு ஆறுதான். ஒன்றில் சறுக்கினாலும் சராசரி சட்டென்று இறங்கிவிடும்.

7. தமிழில் எழுதிப் பழகியவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். லேத்தில் கை வைத்தவன் நீ. ஒர்க் ஷாப்பில் மற்றவர்கள் உன்னிடம்தான் கேட்பார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடு, பதிலுக்கு ஆங்கிலப் பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்.

8. வீட்டுக்கு இப்போது சம்பளம்தான் அவசரம் என்றால் வேலைக்குப் போ. அதில் ஒன்றும் குறைவில்லை. கலந்தாய்வு அடுத்த வருஷமும் நடக்கும். கணக்கு நோட்டை மட்டும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதே.