‘கைண்ட் ஆஃப் ஓகே’ என்றால் ஓகே இல்லை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கெடாவிலுள்ள கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். பொறியாளர் ‘யூ மைட் வான்ட் டு செக் திஸ்’ என்றாராம். விருப்பம் இருந்தால் பார்க்கலாம் என்று நினைத்து விட்டுவிட்டாய். மறுநாள் எல்லார் முன்னாலும் கேள்வி. கழிவறையில் நின்று அழுதேன் என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

நானும் அங்கே இருந்தவள்தான். 1996-இல் பூங்கா திறந்த பிறகு, பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறிய பெண்களில் ஒருத்தி. ஓர் இரவு ஷிப்டில், வெளிநாட்டுப் பொறியாளர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, கொஞ்சம் இழுத்து, ‘கைண்ட் ஆஃப்... ஓகே’ என்றார். என் காதில் விழுந்தது ஓகே மட்டும். லாட்டை, அதாவது அந்தத் தொகுதியை, அனுப்பிவிட்டேன். விடியும்போது அது மேலே நகராமல் ஹோல்டில் நின்றது. அந்த இழுப்பில்தான் அவர் மனசு இருந்திருக்கிறது: எனக்கு முழுத் திருப்தி இல்லை.

‘ஐ கெஸ்’ஸும் அப்படித்தான். அகராதி ஊகம் என்கிறது. பேச்சிலோ பல நேரம், ‘சரி, வேறு வழியில்லை, அப்படியே வைத்துக்கொள்வோம்’ என்ற அரைமனசு. ‘ஷுட் பி ஓகே’ என்றால் சரியாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புதான், உறுதி இல்லை. இந்த மாதிரிச் சொற்களை மொழியியலில் ஹெட்ஜ், அதாவது வேலி என்பார்கள். 1972-இல் ஜார்ஜ் லேக்காஃப் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் நிலைத்தது.

இது நமக்குப் புதிதே இல்லை. ‘கொல்’ என்ற இடைச்சொல் ஐயத்தைக் காட்டும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. இன்று ‘போல’, ‘மாதிரி’, ‘-ஓ’ என்று சொல்லின் வாலில் ஒட்டவைக்கிறோம். கெடா மலாய்க்காரர்கள் ‘ஓகே கொட்’ என்பதும் இதுதான். ஆங்கிலம் பெரும்பாலும் முன்னாலேயே வைத்துவிடுகிறது. வாலைக் கேட்டுப் பழகிய காது அதைத் தவறவிடுகிறது.

அம்மா அடுப்படியிலிருந்து ‘மழை வரும் போலிருக்கே’ என்றால் நீ என்ன செய்வாய்? ஓடிப்போய்க் கொடியில் காயும் துணியை எடுப்பாய். எடு என்று அவர் சொல்லவே இல்லை. ‘யூ மைட் வான்ட் டு’ அந்த அம்மாவின் குரல்தான், தங்கச்சி. பணிவாக வந்த கட்டளை அது.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல், ‘ஸோ, ஷல் ஐ ஹோல்ட் த லாட்?’ என்று கேள். யெஸ், நோ இரண்டில் ஒன்று வரும்வரை லாட்டை நகர்த்தாதே.

அன்புடன்,
அக்கா