நெத்தி லைட் வாங்கறீங்களா? முதல்ல வேலையைச் சொல்லுங்க

கடைக்குப் போனதும் "எத்தனை லுமன்?"னு கேட்காதீங்க. அது ரெண்டாவது கேள்வி. லைட்டைத் தலையில மாட்டிக்கிட்டு எதைப் பார்க்கப் போறீங்க? கைக்கெட்டுற தூரத்துல இருக்கிற வேலையையா, தள்ளி இருக்கிற பாதையையா? முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. பல பேர் இதை யோசிக்கிறதே இல்லை. கடைக்காரர் எதிர்ச் சுவத்துல பளீர்னு ஒரு வட்டம் அடிச்சுக் காட்டுவார், உடனே பில் போடச் சொல்லிடுவாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே கண்ணு எரியுது, தலை வலிக்குதுன்னு புலம்பல்.

விஷயம் இவ்வளவுதான். தோட்டத்துக் குழாயில தண்ணி ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். வாயில விரலை வெச்சு அடைச்சா ஒரே கோடாத் தூரத்துக்குப் பாயும், விரலை எடுத்தா பக்கத்துலயே பரவலா விழும். வெளிச்சமும் அப்படித்தான். தூரமாப் பாயறது ஸ்பாட், பக்கத்துல பரவுறது ஃப்ளட்.

1. கைவேலைன்னா ஃப்ளட், வேற பேச்சே கிடையாது

மல்லிகைத் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடியே இறங்கறவங்களைப் பாருங்க. மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சாத்தான் மார்க்கெட்ல விலை. கை ஒரு செடியில இருக்கும்போதே கண்ணு அடுத்த கிளையைத் தேடும். இவங்க ஸ்பாட் லைட்டை மாட்டினா என்ன ஆகும்? ஒரு அடி தூரத்துல வெள்ளை மொட்டு மேல அத்தனை வெளிச்சமும் குவியும், கண்ணு கூசும். அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறதெல்லாம் இருட்டாப் போயிடும். தலையைத் திருப்புற ஒவ்வொரு தடவையும் கண்ணு மறுபடி பழகணும். அதுதான் தலைவலிக்குக் காரணம். கழுத்தும் வலிக்கும், ஏன்னா பார்வையை நகர்த்த வேண்டிய இடத்துல எல்லாம் தலையையே நகர்த்த வேண்டியிருக்கும். ஃப்ளட்ல கை, கிளை, காலடி மூணும் ஒரே நேரத்துல தெரியும். காலடி தெரியணும்கறதை லேசா எடுத்துக்காதீங்க. தோட்டத்துல பாம்பு இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவங்களுக்கும் இதேதான். வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் குறையும்கறதால, இருட்டுலயே வெட்டணும். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே போயிட்டா மரம் காயப்படும், புதுப் பட்டை ஒழுங்கா வளராது. ஒரு மில்லிமீட்டர் கணக்கு பார்த்து வெட்டுற கைக்கு, நடுவுல கூசுற புள்ளி இல்லாம சீரா விழுற வெளிச்சம் வேணும்.

வீட்டுலயும் அப்படியே. கரன்ட் போனப்ப சமையல், ஃபியூஸ் பார்க்கிறது, சிங்குக்குக் கீழ ஒழுகுற பைப், வழியில நின்னுபோன பைக், எல்லாத்துக்கும் ஃப்ளட். 50லிருந்து 100 லுமன் தாராளம். அதுக்கு மேல வெச்சா உங்களுக்கே கூசும்.

2. நடக்கிறதுக்கு ரெண்டும் உள்ளதை வாங்குங்க

வெள்ளியங்கிரி மலைக்கு ராத்திரியில ஏறப் போறவங்க இதைக் கவனமாப் படிங்க. வெறும் ஸ்பாட்டை மாட்டிட்டுப் போனா முன்னாடி ஒரு வட்டம் மட்டும் தெரியும், கால் வைக்கிற படி தெரியாது. வெறும் ஃப்ளட்டோட போனா காலடி தெரியும், ஆனா பாதை எங்க திரும்புதுன்னு தெரியாது. அதனால ரெண்டு பல்பும் இருக்கிற மாடல் எடுங்க. ஏறும்போது ஃப்ளட்டையே போட்டு வைங்க, பாதையில சந்தேகம் வந்தா மட்டும் ஸ்பாட்டைப் போட்டுப் பார்த்துட்டு அணைச்சிடுங்க. 200 லுமன் பக்கம் போதும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நெத்தி லைட் கண்ணுக்கு ஒட்டி இருக்கு. அதனால கல்லோட நிழல் கல்லுக்குப் பின்னாடியே மறைஞ்சுடும், மேடு பள்ளம் எல்லாம் சமதரை மாதிரி தெரியும். அதை நம்பிக் கால் வெச்சாத்தான் கணுக்கால் பிசகுது. கரடுமுரடான இடத்துல லைட்டைக் கழட்டி இடுப்பு உயரத்துல கையில பிடிங்க. நிழல் விழும், குழி எதுன்னு பிரிஞ்சு தெரியும். பனிமூட்டத்துக்கும் இதே வைத்தியம். நெத்தியில இருந்தா மூட்டம் வெளிச்சத்தை உங்க கண்ணுக்கே திருப்பி அடிச்சு வெள்ளைத் திரை கட்டிடும். அப்ப லோவுல போட்டு, கீழே இறக்கிப் பிடிங்க. ஹையில வைக்காதீங்க, இன்னும் மோசமாகும்.

3. ஸ்பாட் மட்டும் போதும்கறவங்க ரொம்பக் கொஞ்சம்

கிணத்துல தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பார்க்கணும், வயலோட அந்தக் கோடியில மடை உடைஞ்சிருக்கான்னு பார்க்கணும், அவ்வளவுதான். இந்த வேலைக்கும் கை டார்ச்சே சுலபம்.

4. அட்டைப்பெட்டியில எதை நம்பலாம்?

லுமன்கறது லைட்டிலிருந்து வர்ற மொத்த வெளிச்சம். அது குவியுதா பரவுதான்னு அதுல தெரியாது. வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்னு போட்டிருக்கிற மீட்டர் கணக்கைப் பாருங்க. லுமன் சமமா இருந்தும் ஒண்ணு 30 மீட்டர், இன்னொண்ணு 120 மீட்டர்னு போட்டிருந்தா, முதலாவது ஃப்ளட், ரெண்டாவது ஸ்பாட்.

அந்த 120 மீட்டரையும் அப்படியே நம்பிடாதீங்க. எஃப்.எல்.1ங்கற அளவுமுறைப்படி, வெளிச்சம் ஏறக்குறைய பௌர்ணமி நிலா அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்குக் குறையற தூரம் அது. அங்க என்ன இருக்குன்னு தெளிவாப் பார்க்க முடியாது. பாதி தூரம்னு வெச்சுக்கங்க, அதுதான் வேலைக்கு ஆகும். அதே மாதிரி, எத்தனை மணி நேரம் எரியும்னு போட்டிருக்கிறது, ஆரம்ப வெளிச்சம் பத்துல ஒரு பங்காத் தேயற வரைக்குமான கணக்கு. கடைசி மணி நேரங்கள் மினுக்மினுக்னுதான் இருக்கும்.

"10,000 லுமன்"னு போட்ட மலிவு லைட்டைத் தொடவே தொடாதீங்க. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100லிருந்து 150 லுமன் தரும். இந்த லைட்டுகள்ல போடுற 18650ங்கற ஒரு ரீசார்ஜ் செல்லுல இருக்கிற சக்தியை வெச்சுப் பார்த்தா, 10,000 லுமன் பத்து நிமிஷம் எரிஞ்சாலே பெருசு. அந்தச் சூட்டை நெத்தியில வெச்சுக்கவும் முடியாது. செல்லுல "9900 எம்.ஏ.எச்."னு எழுதியிருந்தா அதுவும் பொய். அந்த அளவு செல் 3500 பக்கம்தான் இருக்கும்.

5. நீல வெள்ளை வேண்டாம்

பட்டை, மொட்டு, ஒயர் கலர் இதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கிற வேலைன்னா கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையா எடுங்க. நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டும்கறதுக்கான அளவு சி.ஆர்.ஐ., அது 90ன்னு போட்டிருந்தா ரொம்ப நல்லது. நிறம் நிறமாவே தெரியும்.

6. அக்கா சொல்றேன், இதையெல்லாம் செய்யாதீங்க

* முன்பக்கத்தை இழுத்து ஜூம் பண்ற லைட்டை "ரெண்டும் இருக்கு"ன்னு நம்பி வாங்காதீங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதான் கிடைக்கும். அந்த இடுக்கு வழியா மழைத்தண்ணியும் உள்ளே போகும்.
* ஏற்கெனவே ஸ்பாட் வாங்கிட்டீங்களா? தூக்கிப் போட வேண்டாம். கண்ணாடி மேல பால் நிறத்துல மங்கலா இருக்கிற டேப்பை ஒட்டுங்க, வெளிச்சம் பரவிடும். லோவுல மட்டும் போடுங்க, ஹையில சூடாகி டேப் உருகும்.
* எதிர்ல பேசறவங்க முகத்துல அடிக்காதீங்க. கண்ணு இருட்டுக்குப் பழகினது கலைஞ்சா, முழுசாத் திரும்ப அரை மணி நேரம் ஆகும். பேசும்போது லைட்டைக் கீழே சாய்ங்க. இல்லை, சிவப்பு லைட் இருந்தா அதைப் போடுங்க. பூச்சியும் அவ்வளவா மொய்க்காது.
* பென்சில் செல்லை உள்ளேயே விட்டு மாசக்கணக்கா அலமாரியில வைக்காதீங்க. ஒழுகி முனையை அரிச்சிடும்.
* பையில போடுறதுக்கு முன்னாடி லாக் பண்ணுங்க. பட்டன் அழுந்தி உள்ளேயே எரிஞ்சு, மலையடிவாரத்துல சார்ஜ் இல்லாம நிக்கிறவங்க நிறைய.
* ஐ.பி.எக்ஸ்.4னா மழைச் சாரலைத் தாங்கும், அவ்வளவுதான். தண்ணிக்குள்ள விழுந்தாலும் தாங்கணும்னா ஐ.பி.67 பாருங்க.

வாங்கின அன்னைக்கே ராத்திரி மொட்டை மாடியில விளக்கையெல்லாம் அணைச்சிட்டு மாட்டிப் பாருங்க. கையை நீட்டி ஒரு ஊசியில நூல் கோத்துப் பாருங்க, அப்புறம் மாடிப்படியில இறங்கிப் பாருங்க. கண்ணு கூசினாலோ படி தெரியலைன்னாலோ, மறுநாளே பில்லை எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வந்துடுங்க.