பாட்டியின் கம்பும் சன்ஷேடு புறாக்களும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். ஒருவர் புறாவுக்குப் பசைத் தகடு வாங்கி வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் அரிசியில் மருந்து கலந்து வைத்தால் ஒரே நாளில் தொல்லை தீரும் என்கிறார். உன் பாட்டியோ, காலையில் மொட்டை மாடியில் கம்பு போடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று கண் கலங்குகிறார். கீழ்வீட்டுப் பையனுக்கு வீசிங். "யார் சொல்வது சரி, அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். மூன்று பேர் சொல்வதும் சரியில்லை என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். தேர்வு முடிந்துவிட்டதல்லவா, நிதானமாகப் படி.

முதலில் எந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நீலச் சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுக்கம். இதுதான் மாடப்புறா. உங்கள் திருச்சி கே.கே. நகர் வீட்டுத் தோட்டங்களில் பழுப்பு நிறத்தில், இதைவிடச் சிறியதாக, கழுத்தில் புள்ளி போட்ட ஒன்று ஒதுங்கி ஒதுங்கி மேயும். அது புள்ளிப்புறா. இன்னும் மெலிந்த தவிட்டுப்புறாவும் உண்டு. இவை இரண்டும் செடியிலும் புதரிலும் சுள்ளி வைத்துக் குஞ்சு பொரிப்பவை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாதவை. புறாவை விரட்டுகிறேன் என்று இவற்றின் கூட்டைக் கலைத்துவிடாதீர்கள்.

மாடப்புறா மரத்துப் பறவை இல்லை, பாறைப் பறவை. அதன் முன்னோர் செங்குத்தான பாறைகளின் இடுக்குகளிலும் விளிம்புகளிலும் கூடு வைத்து வாழ்ந்தவை. நம் மலைக்கோட்டையை நினைத்துக்கொள். அப்படிப்பட்ட பாறைக்குப் பழகிய பறவைக்கு, 13 நிலைகளோடு 236 அடி உயரத்தில் நிற்கும் எங்கள் ராஜகோபுரமும் இன்னொரு பாறைதான். ஒவ்வொரு நிலையிலும் அதற்குத் தேவையான விளிம்பும் நிழலும் மறைவும் கிடைக்கின்றன. அதே கண்ணோடு உங்கள் அடுக்குமாடியைப் பார். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு, அதன்மேல் ஏ.சி. அவுட்டோர் யூனிட், குளியலறைகளுக்கு நடுவே கீழிருந்து மேல்வரை ஓடும் டக்டு, அதற்குள் குழாய்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய ஓட்டை. வெயிலும் மழையும் படாத, பூனை ஏற முடியாத, பருந்து நுழைய முடியாத இடங்கள். தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறும் ஒவ்வொரு தெருவிலும் இந்தப் பறவைக்கு நாமே இடம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையில், பல பறவைகள் குறைந்துவரும் நாட்டில் பெருகிவரும் சிலவற்றுள் ஒன்றாக மாடப்புறா இருப்பதில் வியப்பில்லை.

இடம் ஒரு பாதி என்றால் தீனி மறுபாதி. ஈட்டுக்கு இரண்டு முட்டை. பகலில் ஆணும் மற்ற நேரத்தில் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு வெளிவரும். தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றை ஊட்டும். ஒரு மாதம் அல்லது ஐந்து வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். அது பறப்பதற்கு முன்பே அடுத்த ஈடு தொடங்கிவிடுவதும் உண்டு. குஞ்சுக்கு ஆறேழு மாதம் ஆனால் அதுவும் இணை சேரும். இயற்கையில் இந்த வேகத்துக்குத் தடை போடுவது தீனி தேடும் உழைப்புதான். வயல்வெளிக்குப் பறந்துபோய், மேய்ந்து, திரும்பி வருவதற்கே பகல் கழிந்துவிட்டால் குஞ்சு வளர்க்க நேரம் குறைவு. ஒரு மாடப்புறாவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம் போதும். அந்தத் தானியம் மொட்டை மாடியிலேயே தினமும் குவிந்திருந்தால், மிச்ச நாள் முழுவதும் கூடு கட்டுவதற்கும் முட்டையிடுவதற்கும்தான். பாட்டி போடும் கம்பு அங்கே வரும் புறாக்களின் பசியை மட்டும் தீர்க்கவில்லை கண்ணம்மா, அடுத்த ஆண்டு வரப்போகும் புறாக்களின் எண்ணிக்கையையும் அதுதான் முடிவு செய்கிறது.

இதை ஒரு ஊரே சோதித்துப் பார்த்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1961 முதல் 1985 வரை சுட்டும் பொறிவைத்தும் ஏறக்குறைய ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். இருபத்தைந்து ஆண்டு முயற்சிக்குப் பிறகும் ஊரில் புறாக்கள் ஏறத்தாழ இருபதாயிரம், முன்பு இருந்த அளவுதான். கொன்ற புறாவின் இடமும் தீனியும் காலியானதால், இல்லாவிட்டால் பசியில் செத்திருக்கும் குஞ்சுகள் பிழைத்து அந்த இடத்தை நிரப்பின. பிறகு 1988-இல் பாசெல் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஹாக்-வாக்கர்னாகல் வேறு வழியில் இறங்கினார். தீனி போடாதீர்கள் என்று ஊர் மக்களிடம் சுவரொட்டியாலும் துண்டறிக்கையாலும் பேசினார்கள். 'நீங்கள் அன்பு என்று செய்வதால்தான் குஞ்சுகள் நெரிசலில் நோயில் சாகின்றன' என்பதை மறைக்காமல் சொன்னார்கள். கூடவே, கண்காணிப்பில் உள்ள சில புறாக்கூடுகளை அமைத்து, அங்கே இட்ட முட்டைகளை எடுத்தார்கள். நான்கே ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. துப்பாக்கியால் ஆகாதது, கையை மடக்கிக்கொண்டதால் ஆனது. உங்கள் சங்கத்தில் மருந்து வைக்கலாம் என்று சொன்னவரிடம் இந்தக் கதையைச் சொல்.

மருந்தைப் பற்றி இன்னும் ஒன்று. அது புறாவோடு நிற்காது. அதே அரிசியைக் காகமும் அணிலும் தின்னும், செத்த புறாவைப் பூனை இழுத்துப் போகும். வாயில்லாத உயிருக்குத் தீங்கான பொருளைக் கொடுப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பசைத் தகடு அதைவிடக் கொடியது. சிட்டுக்குருவியும் தேன்சிட்டும் ஓணானும் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துடித்துச் சாகும். இந்த இரண்டையும் எந்தக் கூட்டத்திலும் ஒப்புக்கொள்ளாதே. பிடித்துக்கொண்டுபோய் மணப்பாறைப் பக்கம் விட்டுவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஒடிசா காவல்துறை 1946-இல் தொடங்கிய புறா அஞ்சலில், 1948-இல் நேரு சம்பல்பூரிலிருந்து அனுப்பிய செய்தியைக் கட்டாக்கிற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதே இனத்தில் வளர்த்த பறவைதான். மணப்பாறையிலிருந்து கே.கே. நகருக்கு வழி கண்டுபிடிக்க அதற்கு என்ன சிரமம்?

புறாவால் வரும் கேட்டை மிகைப்படுத்தவும் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது. மேலே பறந்துபோகும் புறாவால் யாருக்கும் நோய் வராது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காய்ந்த எச்சத் தூளையும் இறகுத் துகளையும் மூச்சில் இழுப்பதுதான் சிக்கல். சிலருக்கு அது நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியாக மாறும். கிழக்கு தில்லியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படித்தான் இருமலோடு சர் கங்கா ராம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சிகிச்சைக்குப் பிறகு தேறினான். 2024-இல் செய்தித்தாள்களில் வந்தது. எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். கீழ்வீட்டுப் பையனை நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது, ஜன்னலை ஒட்டிப் புறாக்கள் அடைவதைக் கட்டாயம் சொல்லச் சொல். சொன்னால்தான் மருத்துவருக்கு அந்தத் திசையில் யோசிக்கத் தோன்றும்.

இனி என்ன செய்வது? முதலில் டக்டு. அதன் வாயை மேலே வலையால் மூட வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு தளத்தின் குளியலறை ஜன்னலிலிருந்தும் டார்ச் அடித்து, முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குஞ்சு இருக்கும்போது மூடினால் அது உள்ளேயே பட்டினியில் செத்து, நாற்றமும் புழுவுமாக உங்களுக்கே வந்து சேரும். குஞ்சு பறக்கும்வரை பொறுத்திருந்து, பறந்ததும் அன்றைக்கே கூட்டை அப்புறப்படுத்தி மூடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த முட்டை வந்துவிடும். வலைக்கண் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் வெயிலுக்குச் சாதாரண நைலான் சீக்கிரம் இற்றுப்போகும், வெயில் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். வலை தொய்வில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த வலையில்தான் பறவைகள் சிக்கி இறக்கின்றன. கட்டியவர் போன பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

சன்ஷேடுக்கு வலையைவிட நல்ல வழி உண்டு. புறாவுக்கு உட்காரத் தட்டையான விளிம்பு வேண்டும். கொத்தனாரை வைத்து அந்த விளிம்பில் கலவையைச் செங்குத்தான சாய்வாகப் பூசிவிட்டாலோ, 45 பாகைக்கு மேல் சாய்வாக ஒரு தகடு பொருத்திவிட்டாலோ கால் வழுக்கும், கூடு நிற்காது. முள் பட்டைகளை விற்பவர்கள் வருவார்கள். அந்த முட்களுக்கு நடுவே சுள்ளி செருகிக் கூடு கட்டும் புறாக்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய சி.டி.யும் பிளாஸ்டிக் ஆந்தையும் சில நாள்தான், பிறகு பழகிவிடும். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம். அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது.

எச்சத்தைச் சுத்தம் செய்வதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். விளக்குமாற்றால் காய்ந்தபடியே கூட்டுவார்கள், தூசி வீடு முழுக்கப் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊற விட வேண்டும். N95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரமாகவே சுரண்டி, பையில் கட்டி, பிறகு கழுவ வேண்டும். வீசிங் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அந்தப் பக்கமே வரக் கூடாது. வேலைக்கு வரும் அம்மாவிடம் இதை ஒப்படைத்தால் அவருக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அவருடைய நுரையீரலும் நுரையீரல்தான்.

கடைசியாகப் பாட்டி. என் அம்மாவை எனக்குத் தெரியும். உறையூர்ச் சோழர்கள் தங்கள் முன்னோன் என்று கொண்டாடிய சிபி, புறாவுக்காகத் தன் தசையையே அரிந்து கொடுத்த கதையை உன் அப்பாவுக்கும் எனக்கும் சொல்லி வளர்த்தவர் அவர். சிபி காப்பாற்றியது, உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஒரு புறாவை. மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டி ஒரு கூட்டத்தை வளர்ப்பது அந்தக் கதையில் இல்லை. இதை நீ மெதுவாக எடுத்துச் சொல். மும்பையில் இதைச் சட்டத்தால் மட்டும் சாதிக்கப் பார்த்தார்கள். 2025 ஜூலையில் அங்குள்ள 51 புறாத் தீனி இடங்களை மூட மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டது. ஆகஸ்டில் தாதரில் அப்படியோர் இடத்தை மூடிக் கட்டிய தார்ப்பாயைத் தீனி போட்டுவந்தவர்களே கிழித்தெறிந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போனது. பக்தியோடு செய்கிறவர்களைக் குற்றவாளிகளாக்கினால் மனம் மாறாது. அதற்காக நோயாளிப் பிள்ளையின் மூச்சை விட்டுக்கொடுக்கவும் முடியாது. அந்த வழக்கில் நீதிமன்றம் மக்களின் உடல்நலத்தின் பக்கம் நின்றதை நான் சரி என்றே நினைக்கிறேன்.

தீனி போடுவதை நிறுத்த உங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பைகளைக் கொட்டக் கூடாது என்கிறது. எழும்பும் விமானத்தின் எஞ்சினுக்குள் பறவை போனால் என்ன ஆகும் என்பது பாட்டிக்கும் புரியும்.

கொடுக்கும் கையைக் கட்டிப்போட வேண்டாம். காகத்துக்கு வைக்கும் ஒரு பிடி சாதத்தை வைக்கட்டும். அது அப்போதே தீர்ந்துவிடும், மிச்சம் இராது. சித்திரை வெயிலில் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வைக்கட்டும், தினமும் கழுவி மாற்றட்டும். எல்லாப் பறவைக்கும் அது உதவும். கம்பை மட்டும் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தட்டும். பழகிய புறாக்கள் வேறு இடம் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

நீ கட்டடக்கலை படிக்க ஆசைப்படுவதாக உன் அப்பா சொன்னார். நம் ஊர் என்.ஐ.டி.யிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. படித்து முடித்து நீ வரையும் முதல் அடுக்குமாடியில் தட்டையான சன்ஷேடும் திறந்த டக்டும் இருக்கக் கூடாது என்று இப்போதே மனதில் வைத்துக்கொள். அடுத்த சங்கக் கூட்டத்தில் வலைக்கும் சாய்வுப் பூச்சுக்கும் பணம் ஒதுக்கச் சொல்லி நீயே எழுந்து பேசு. அதற்கு முன் பாட்டியிடம் பேசிவிடு. சங்கத்துக்காரர்கள் யாரும் அவரிடம் பேசப் போக வேண்டாம், நீதான் பேச வேண்டும்.

அன்புடன்,
அத்தை