பதில் வராத 30 விநாடி

அன்புத் தங்கைக்கு,

நள்ளிரவில் நீ அனுப்பிய லாக் வரிகளைப் படித்தேன். கீழே, "டிஸ்க் போயிடுச்சு அண்ணா, புதுசு வாங்கச் சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாய். கடைக்குப் போகும் ஆளை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு இதைப் படி. சர்வர் அறைக்குள் இப்போதுதான் கால் வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

டைம்அவுட் என்ற சொல்லைக் கண்டதும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று படித்துவிடுகிறோம். கர்னல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வேலை கொடுத்தேன், காத்திருந்தேன், பதில் வரவில்லை என்கிறது. அவ்வளவுதான். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 30 விநாடி. ஃப்ரீபிஎஸ்டியிலும் சாட்டா டிஸ்க்குக்கு அதே 30தான். கர்னலுக்கும் டிஸ்க்கின் தட்டுக்கும் நடுவே டிரைவர், கன்ட்ரோலர், அதன் ஃபர்ம்வேர், கேபிள், மின் இணைப்பு, டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேர் என்று வரிசையாக நிற்கிறார்கள். இவர்களில் யார் வாய் மூடினாலும் மேலே வந்து சேரும் செய்தி ஒன்றுதான். யார் மூடியது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

இதை நான் கற்றது ஒரு அச்சகத்தில். நான்கு டிஸ்க் உள்ள சர்வர். இரவில் பேக்கப் ஓடும்போது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாற்போல டைம்அவுட் ஆகும்; பகலில் ஒரு தொல்லையும் இருக்காது. இரண்டாவதை மாற்றினேன். ஒரு வாரம் கழித்து மூன்றாவதையும் மாற்றினேன். தொல்லை நிற்கவில்லை. அப்புறம்தான், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். 12ஆம் எண்ணில் பவர் சைக்கிள் கணக்கு இருக்கும். சர்வரை நாங்கள் ஒரு முறைகூட அணைக்கவில்லை, ஆனால் அந்தக் கணக்கு ஏறியிருந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குகள் மட்டும் மின்சாரம் இழந்து மறுபடி எழுந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ஸ்ப்ளிட்டர் வழியாக மின்சாரம் போனது. அதன் ஒரு பின் தளர்ந்து கறுத்துப்போயிருந்தது. அதை மாற்றியதும் எல்லாம் அடங்கியது. நல்ல டிஸ்க் இரண்டை அடுத்தவர் காசில் தூக்கி எறிந்தவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

ஆகவே முதலில் பார், ஒரு டிஸ்க்குக்கு மட்டும் வருகிறதா, பலவற்றுக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா? பலவற்றுக்கும் என்றால் அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எது என்று தேடு. காரணம் பெட்டிக்கு வெளியேகூட இருக்கலாம். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். அந்த அதிர்விலேயே டிஸ்க்குகள் பதில் சொல்லத் தாமதமாவதை வரைபடத்தில் காட்டினார்.

லாக்கை முதல் வரியிலிருந்து படி. நீ எனக்கு அனுப்பியது கடைசி 20 வரி. அதெல்லாம் பின்விளைவு. பதில் வராதபோது கர்னல் அந்த போர்ட்டை நிறுத்தி, லிங்க்கை ரீசெட் செய்து, டிஸ்க்கிடம் மறுபடி அடையாளம் கேட்கிறது. பிழை தொடர்ந்தால், பல கட்டளைகளை ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் கொடுத்துவைக்கும் என்சிக்யூ வரிசையை அணைக்கும். வேகத்தை 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கும் பிறகு 1.5க்கும் இறக்கும். கடைசியில் ஃபைல் சிஸ்டம் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். இந்த ஆரவாரம் தொடங்குவதற்கு முந்தைய வரியில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே யுஎன்சி என்று இருந்தால் தட்டில் உள்ள செக்டரைப் படிக்க முடியவில்லை என்று பொருள். ஸ்மார்ட்டில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பார். ஐசிஆர்சி என்று இருந்தால் தரவு வழியில் சிதைந்திருக்கிறது. 199ஆம் எண்ணைப் பார், கேபிளைச் சந்தேகி. 199 ஏறுமே தவிர இறங்காது. எப்போதோ இருந்த மோசமான கேபிளின் கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கும். இன்றைய எண்ணைக் குறித்துவை, நாளை ஏறியிருக்கிறதா பார். வெறும் டைம்அவுட் மட்டும் இருந்தால் எதையும் முடிவுகட்டாதே.

அந்த முதல் வரியே கிடைக்காமல் போவதும் உண்டு. லாக் எழுதப்படும் டிஸ்க்தானே பதில் சொல்லாமல் நிற்கிறது! அதனால் லாக்கை வேறொரு மெஷினுக்கும் அனுப்பும்படி இன்றே செய்துவை.

இனி, நீ அனுப்பிய வரிகளில் நான் சந்தேகப்படுவது. உன்னிடம் இருப்பது வீட்டுக் கணினிக்கென்று விற்கும் டிஸ்க்குகள், மென்பொருள் ரெய்டில். அப்படிப்பட்ட டிஸ்க் ஒரு மோசமான செக்டரில் மாட்டினால் விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். சில டிஸ்க்குகள் இதில் ஒரு நிமிடத்துக்கு மேலும் மூழ்கிவிடும். கர்னலின் பொறுமை 30 விநாடியில் தீர்ந்துவிடுகிறது. அது ரீசெட் செய்கிறது, டிஸ்க் இன்னும் தலை நிமிரவில்லை, ரெய்டு அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளுகிறது. டிஸ்க் மட்டும் 7 விநாடியில் "இந்த செக்டர் வரவில்லை" என்று ஒப்புக்கொண்டிருந்தால், ரெய்டு அதே தரவை அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்து அந்த இடத்தில் திரும்ப எழுதியிருக்கும். ஒரு செக்டரோடு போயிருக்க வேண்டியது ஒரு முழு டிஸ்க்காகிவிட்டது.

அந்த 7 விநாடி வரம்பை எஸ்சிடி இஆர்சி என்பார்கள். ஸ்மார்ட் கருவியாலேயே கேட்கலாம், வைக்கலாம். மின்சாரம் போய் வந்தால் பல டிஸ்க்குகள் மறந்துவிடும், அதனால் பூட் ஆகும்போதெல்லாம் வைக்க வேண்டும். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் கர்னலின் காத்திருப்பை 180 விநாடிக்கு உயர்த்து. ஆனால் ரெய்டு இல்லாத ஒற்றை டிஸ்க்கில் இந்த 7 விநாடியை வைத்துவிடாதே. அங்கே இன்னொரு பிரதி கிடையாது, டிஸ்க் எவ்வளவு நேரம் போராடினாலும் போராடட்டும். காரணம் தெரியாமல் காத்திருப்பை மட்டும் கூட்டி லாக்கை அமைதிப்படுத்துவதும் கூடாது. அது கைவைத்தியம்கூட அல்ல.

எந்தச் சோதனைக்கும் முன்னால் பேக்கப் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது மீட்டு எடுக்க முடிகிறதா பார். இல்லை என்றால், தள்ளாடும் டிஸ்க்கில் ஃபைல் சிஸ்டம் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டவே ஓட்டாதே. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை வைத்து வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடு. அது எளிதில் வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றது என்பதை மேப் ஃபைலில் எழுதிவைத்துக்கொள்ளும்.

பிறகு, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். கேபிளை மட்டும் மாற்றிப் பார். தீரவில்லை என்றால் போர்ட்டை மட்டும் மாற்று. பிழை டிஸ்க்கோடு நகர்கிறதா, பழைய போர்ட்டிலேயே நிற்கிறதா? கேபிள், போர்ட், ஃபர்ம்வேர் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் சரியாகிவிடக்கூடும். எதனால் சரியானது என்று உனக்குத் தெரியாது.

முதலாளி அரைமணிக்கு ஒரு தரம் போன் செய்வார். நிறுத்த முடியாத நிலையில் தொங்கும் புராசஸைக் கொல்லச் சொல்வார். டிஸ்க்குக்காக அப்படிக் காத்திருக்கும் புராசஸ் கில் 9 கட்டளைக்கும் அசையாது. "இன்னும் தெரியவில்லை, இதுவரை இவ்வளவு பார்த்திருக்கிறேன்" என்று அவரிடம் நேராகச் சொல். அந்த வாக்கியத்தைச் சொல்லும் துணிவு இல்லாமல்தான் நான் அன்று டிஸ்க் மாற்றினேன்.

டிஸ்க்கைக் கழற்றும் நேரம் வந்தால் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பாதே. அடுத்த பூட்டில் அது இடம் மாறலாம். இரண்டு டிஸ்க் மிரரில் ஒன்று விழுந்துகிடக்கும்போது நல்லதைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சீரியல் நம்பர் ஒன்றுதான் நம்பத் தகுந்தது. சர்வர் நன்றாக ஓடும் நாளிலேயே ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் அதை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இன்று மாலை அந்த ஸ்டிக்கர்களை ஒட்டு. 199, 197, 12 மூன்று எண்களையும் நோட்டில் எழுதி, நாளை காலை மறுபடி பார்த்து எனக்கு அனுப்பு. அதுவரை புது டிஸ்க் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்