கடைசிப் பெயருக்கு முதல் ரேங்க்

41 பெயர்கள், 41 மதிப்பெண்கள். மொத்தம் சரி, சராசரியும் சரி. ஆனால் பட்டியலின் முதல் பெயருக்கு வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண். கடைசிப் பெயருக்கு முதல் ரேங்க். ஒரு டியூஷன் சென்டருக்காக இதை எழுதுகிறவர் பைத்தானில் செய்துகொடுத்த சிறு புரோகிராம் அச்சடித்த தாள் அது. கடைசிப் பெயருக்குரிய பையன் மட்டும் புகார் எதுவும் சொல்லவில்லை.

தேடியதில் அகப்பட்டது ஒரே ஒரு வரி. இடைநிலை மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன், தன்னிடம் வந்த லிஸ்ட்டை 'சார்ட்' மூலம் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, நடுவில் நின்றதைத் திருப்பித் தந்திருக்கிறது. விடையில் பிழையில்லை. ஆனால் அது அடுக்கியது, பெயர்ப் பட்டியலோடு ஜோடியாக நின்ற அசல் லிஸ்ட்டை!

பைத்தானில் ஒரு லிஸ்ட்டை ஃபங்ஷனிடம் கொடுப்பது, வீட்டுக்கு டூப்ளிகேட் சாவி போட்டுக் கொடுப்பது மாதிரி. சாவி இரண்டு, வீடு ஒன்றுதான். உள்ளே போனவர் பீரோவை நகர்த்திவைத்தால் வீட்டுக்காரர்தான் இருட்டில் இடித்துக்கொள்வார்.

மொழியை உருவாக்கியவர்களே இதில் சறுக்கியதுண்டு. ஜாவா 1.1-ல், ஒரு கிளாஸுக்குக் கையொப்பமிட்டவர்கள் யார் என்று சொல்லும் 'கெட்சைனர்ஸ்' மெத்தட், உள்ளே வைத்திருந்த அர்ரேயையே தூக்கிக் கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்ட ஆப்லெட், நம்பகமான ஒருவரைத் தன் கையொப்பக்காரராக அதில் சேர்த்துக்கொள்ளலாம்! 1997-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அசலை வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுத்திருந்தால் இந்த ஓட்டையே இருந்திருக்காது.

டியூஷன் சென்டர் புரோகிராமில் 'சார்ட்' இருந்த இடத்தில் 'சார்ட்டட்' வந்தது. அது அசலைத் தொடாமல் புது லிஸ்ட் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் 'சார்ட்'டும் அசலையே கலைப்பதுதான். அங்கே 'டுசார்ட்டட்' வர 2023 ஆனது.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த மாதம் இன்னொன்று. ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து பாடம் என்று லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் வைத்தாயிற்று. கிரேஸ் மார்க் போட்டால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்க்க, இதை எழுதுகிறவர் முன்னெச்சரிக்கையாக 'காப்பி' எடுத்து அதில் ஐந்தைந்து கூட்டிப் பார்த்தார். அசலிலும் ஐந்து ஏறியிருந்தது. 'காப்பி' வெளிப்பெட்டியை மட்டுமே புதிதாகச் செய்யும். உள்ளே இருப்பவை அதே பழைய லிஸ்ட்டுகள். 'டீப்காப்பி' எல்லாவற்றையும் பிரதியெடுக்கும். ஆனால் பயந்துபோய் கண்ட இடத்திலெல்லாம் அதைத் தெளிப்பது சோம்பேறி வைத்தியம். டேட்டா பெரிதானால் புரோகிராம் நத்தையாகும்.

ஆனால் புரோகிராமுக்கு டெஸ்ட் எழுதும்போது 'டீப்காப்பி' உதவும். ஃபங்ஷனை அழைக்குமுன் 'டீப்காப்பி' ஒன்றை எடுத்துவைத்து, அழைத்த பிறகு அசலோடு ஒப்பிட்டால் திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிடும். மாறக் கூடாத மதிப்பெண்களை, லிஸ்ட் போலவே இருந்தும் மாற்ற முடியாத டப்பிளாகவே (tuple) கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. டப்பிளுக்கு 'சார்ட்' கிடையாது. யாராவது அழைத்தால் அந்த வரியிலேயே எரர் வந்து நிற்கும்.

உண்மையில் முதல் தவறு, பெயரையும் மதிப்பெண்ணையும் தனித்தனி லிஸ்ட்டில் வைத்தது. இப்போது இரண்டும் ஒரே டப்பிளில் இருக்கின்றன.