அமெரிக்கா என்றொரு நடனம்

கேள்வி: நானும் கல்லூரிக் கால நண்பர்கள் மூவரும் ஸ்காட்லாந்தின் ரன்ரிக் குழுவுக்குத் தீவிர ரசிகர்கள். கூடும்போதெல்லாம் ஓர் ஆல்பத்தைக் கேட்டுப் பேசுவது வழக்கம். போன முறை 'டான்ஸ் கால்டு அமெரிக்கா' பாட்டை வைத்துப் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. "ஆடு வளர்ப்பதற்காக ஊரையே காலி செய்து, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட ஜனங்களின் கதை இது" என்கிறான் ஒருவன். "விரும்பித்தான் போனார்கள், ஆடிக்கொண்டே போனார்கள், தலைப்பிலேயே இருக்கிறதே" என்கிறான் இன்னொருவன். யார் சொல்வது சரி? 'லாக் லோமண்ட்' பாட்டுக்குப் பின்னால் ஒரு தூக்குமேடைக் கதை சொல்கிறார்களே, அது உண்மையா? கேலிக் மொழி தெரியாத எங்களைப் போன்றவர்கள் இந்தப் பாடல்களின் வரலாற்றை எங்கிருந்து பிடிப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் நடந்ததுதான். ஆனால் ஒருவர் 1770களைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் 1840களைப் பற்றிப் பேசுகிறார். வாக்குவாதத்துக்குக் காரணமும் அந்தப் பாட்டேதான். 1985இல் வந்த 'ஹார்ட்லேண்ட்' ஆல்பத்தில் இருக்கும் அது, நிலப்பிரபுக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அதே மூச்சில் அவர்கள் காலத்துக்கு முந்தைய ஒரு நடனத்தைப் பல்லவியாக்கிவிடுகிறது.

அந்த நடனம் கற்பனை அல்ல. ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனும் அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் 1773இல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பயணம் செய்தார்கள். அக்டோபர் 2ஆம் தேதி ஸ்கை தீவில் ஆர்மடேல் என்ற இடத்தில் இருந்தபோது பாஸ்வெல் அங்கே ஒரு நடனம் ஆடினார். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர்தான் 'அமெரிக்கா'. ஒரு ஜோடி சுழல ஆரம்பிக்கும். அதைப் பார்த்து அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று கடைசியில் கூடம் முழுக்கச் சுழலும். ஒரு வீட்டைத் தொற்றிய பயண ஆசை எப்படி ஊரையே கிளப்பிவிடுகிறது என்பதை ஆடிக் காட்டுவதுபோல இருந்தது என்கிறார் அவர்.

இதற்குப் பக்கத்திலேயே அவர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அந்தத் தீவுப் பெண்மணி ஒருவர் அவரிடம் சொன்னது. முந்தைய ஆண்டு போர்ட்ரீ துறையிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கிளம்பியபோது, கரையில் நின்ற உறவினர்கள் தரையில் விழுந்து புரண்டார்களாம், புல்லைப் பல்லால் கடித்துப் பிடுங்கினார்களாம். இந்த ஆண்டு கப்பல் போனபோது ஒருவர் கண்ணிலும் நீர் இல்லை. 'நாமும் சீக்கிரம் போகப் போகிறவர்கள்தானே' என்பதுபோல நின்றார்களாம். ஓராண்டுக்குள் ஓர் ஊரின் மனம் இப்படி மாறியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு அந்தப் பாட்டை மறுபடி கேட்டால், அதன் துள்ளலான தாளம் ஏன் சந்தோஷமாகக் கேட்பதில்லை என்பது பிடிபடும்.

அப்போது போனவர்களை யாரும் அமீனாவை அனுப்பி வெளியேற்றவில்லை. குத்தகை ஏறிக்கொண்டே போனது. பிரபுவுக்கும் குடியானவனுக்கும் நடுவில் இருந்த இடைக் குத்தகைதாரர்கள் தங்கள் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு கப்பலேறினார்கள். அதே 1773இல்தான் 'ஹெக்டர்' என்ற கப்பல் கிட்டத்தட்ட 200 பேரோடு நோவா ஸ்கோஷியாவின் பிக்டூ கரையில் ஒதுங்கியது. கிளர்ச்சியில் தோற்ற இளவரசர் சார்லஸைத் தப்பவைத்ததற்காகப் புகழ்பெற்ற ஃப்ளோரா மெக்டொனால்டும் அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வட கரோலினாவுக்குப் போனார். ஆகவே உங்கள் இரண்டாவது நண்பருக்கு ஆதாரம் இருக்கிறது. 'விரும்பி' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கட்ட முடியாத குத்தகைக்கு முன்னால் நிற்பவனின் விருப்பத்தை விருப்பம் என்று எழுத எனக்கு மனம் வராது.

முதல் நண்பரின் கதை இதற்குப் பிறகு வருகிறது. வந்த விதம்தான் கொடுமை. இசைக்குழுவுக்குப் பெயர் தந்த ரன்ரிக் என்பது பழைய சாகுபடி முறை ஒன்றின் பெயர். ஊர் நிலத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, சீட்டுப் போட்டு அவ்வப்போது மாற்றிக்கொள்வார்கள். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் சுற்றி வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பிரபுக்கள் இதை உடைத்து, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று அளந்து கொடுத்தார்கள். அந்தத் துண்டுக்குத்தான் குரோஃப்ட் என்று பெயர். மேற்குக் கரையிலும் தீவுகளிலும் வேண்டுமென்றே அதைச் சிறியதாக வைத்தார்கள். அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடிந்துவிட்டால் கடலோரத்தில் பாசி அறுத்து எரிக்க ஆள் கிடைக்காதே! அந்தப் பாசிச் சாம்பல் கண்ணாடிக்கும் சோப்புக்கும் தேவைப்பட்டது. நெப்போலியன் போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு தடைபட்டதால் அதற்கு நல்ல விலை. லாபம் பிரபுவுக்கு, இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று பாசி அறுத்த வேலை குடியானவனுக்கு.

இந்தக் கட்டத்தில் பிரபுக்களுக்கு ஜனங்கள் போய்விடக் கூடாது. கப்பல் பயணிகளின் நலனுக்காக என்று சொல்லி 1803இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கப்பல் கட்டணம் ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. மலைநாட்டு நிலவுடைமையாளர்கள் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மறுபடி வரத் தொடங்கியதும் பாசித் தொழில் படுத்துவிட்டது. 1846இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. சிறு துண்டு நிலத்தில் வேறு எதை நட்டுப் பிழைப்பது? போகாதே என்று கதவடைத்த அதே வர்க்கம், இப்போது போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. காலியான பள்ளத்தாக்குகளில் ஆட்டுப் பண்ணை வந்தது. உங்கள் நண்பர்கள் இந்தத் திருப்பத்தைப் பற்றித்தான் வாதாடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. போனவர் விரும்பினாரா இல்லையா என்பதைவிட, போவதா இருப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதுதான் அந்தப் பாட்டின் கோபம்.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு குடும்பத்தைப் பின்தொடருங்கள். 1773இல் ஆர்மடேல் யாருடைய நிலம்? மெக்டொனால்டு குலத்தின் ஸ்லேட் கிளைக்குத் தலைவரான சர் அலெக்சாண்டருடையது. மூன்றாண்டு கழித்து அவர் லார்டு மெக்டொனால்டு ஆனார். நார்த் யூயிஸ்ட் தீவும் அந்தக் குடும்பத்தின் சொத்துதான். 1849இல் அப்போதைய லார்டு மெக்டொனால்டின் பெயரால் அந்தத் தீவின் சோலஸ் பகுதியிலிருந்து 600க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற போலீஸ் வந்தது. பெண்கள் கல்லெறிந்து எதிர்த்தார்கள். ரன்ரிக்கின் பெரும்பாலான பாடல்களை எழுதிய ரோரி, கேலம் சகோதரர்கள் வளர்ந்தது அதே நார்த் யூயிஸ்டிலும் ஸ்கையிலும்தான். அவர்களுடைய குடும்பப் பெயரும் மெக்டொனால்டு. குலத் தலைவன் பெயரைத்தான் குடிகளும் தாங்கியிருந்தார்கள். நிலம் குலம் முழுமைக்கும் சொந்தம், தலைவன் அதற்குக் காவல் என்று தலைமுறை தலைமுறையாக நம்பியவர்கள். அந்நியன் விரட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

1882இல் மறுபடியும் அதே குடும்பத்தின் நிலம், இந்த முறை ஸ்கையில் பிரேஸ் என்ற கடலோரப் பகுதி. பென் லீ என்ற மலையின் மேய்ச்சல் உரிமையைக் குடியானவர்களிடமிருந்து பிடுங்கிக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை குத்தகைப் பணம் கட்ட மாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள். வெளியேற்ற நோட்டீஸோடு வந்த நீதிமன்ற ஆளை வழியிலேயே மறித்து, அவர் கையாலேயே அந்தக் காகிதங்களை எரிக்கவைத்தார்கள். அடுத்து கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸ்காரர்கள் வந்து ஐந்து பேரைப் பிடித்தார்கள். இங்கேயும் கல் எடுத்தது பெண்கள்தான். செய்தி பத்திரிகைகளில் பரவி, 1883இல் நேப்பியர் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. முதல் விசாரணை பிரேஸிலேயே நடந்தது. முதல் சாட்சியாக வந்த அங்கஸ் ஸ்டூவர்ட் கேலிக்கில்தான் பேசினார். உண்மையைச் சொல்கிறேன், ஆனால் சொன்னதற்காகக் காரியஸ்தர் என்னை நிலத்தைவிட்டு வெளியேற்ற மாட்டார் என்று முதலில் உறுதி கொடுங்கள் என்று கேட்டார். அரசு விசாரணைக் குழுவின் முன்னால் நின்றபோதும் அந்தப் பயம் அவரை விடவில்லை. 1886இல் வந்த குரோஃப்டர் சட்டம் அந்தப் பயத்தைத்தான் முதலில் போக்கியது. குத்தகை ஒழுங்காகக் கட்டுகிறவரை யாரும் வெளியேற்ற முடியாது, உரிமை பிள்ளைகளுக்குப் போகும், நியாயக் குத்தகையை ஒரு ஆணையம் நிர்ணயிக்கும். பறிபோன பழைய நிலத்தை மட்டும் அது திருப்பித் தரவில்லை. 1981இல் வந்த 'ரிகவரி' ஆல்பத்தை இந்தப் பின்னணியோடு கேளுங்கள்.

'லாக் லோமண்ட்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1745 டிசம்பர் கடைசியில் கார்லைல் கோட்டையில், இளவரசர் சார்லஸுக்காகப் போரிட்ட ஜேக்கபைட் படை சரணடைந்ததும், அடுத்த ஆண்டு அங்கே கைதிகள் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. இரண்டு கைதிகளில் ஒருவன் விடுதலையாகி மேல்வழியாக நடந்து ஊர் போகிறான், தூக்கிலேறியவனின் ஆவி கீழ்வழியாக அவனுக்கு முன்னால் போய்ச் சேர்கிறது என்பது பாட்டுக்குப் பொருள் சொல்ல வந்த கதை. அந்தப் பாடல் அச்சில் வந்தது 1841இல், தூக்கு நடந்து கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து. கதைக்கு ஆவணச் சான்று கிடையாது. ஆனாலும் அந்தக் கதையைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ரன்ரிக் 1979இல் 'தி ஹைலண்ட் கனெக்‌ஷன்' ஆல்பத்தில் இதைப் பதிவு செய்தது. பின்னாளில் கச்சேரிகளை இதைப் பாடித்தான் முடிப்பார்கள். 2007இல் குழந்தைகள் நிதிக்காகக் கால்பந்து ரசிகர்களோடு சேர்ந்து மறுபடி பாடிய பதிவு, பிரிட்டிஷ் தரவரிசையில் 9ஆம் இடம் வரை போனது. அத்தனை பேர் சேர்ந்து பாடும்போது அது ஊர் திரும்ப முடியாதவர்களின் பாட்டு. அதற்கு சாட்சிக் கடிதம் தேவையில்லை.

உங்கள் குழுவில் பேச வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பாடல்களில் பெரும்பாலும் கேட்காத குரல் அது. கப்பலில் போனவர்கள் இறங்கிய நோவா ஸ்கோஷியா ஆளில்லாத நிலமாக இருக்கவில்லை, மிக்மாக் மக்களின் மண். விரட்டப்பட்டவர்கள் போய்க் குடியேறியதால் இன்னொரு கூட்டம் இடம் இழந்தது. இதைச் சொல்வதால் சோலஸ் மக்களின் துயரம் குறைந்துவிடாது. ஆனால் இதை விட்டுவிட்டு அந்தப் பாட்டின் வரலாற்றைப் பேசினால் அது பாதி வரலாறு. 1998இல் டானி மன்ரோவுக்குப் பதிலாக ரன்ரிக்கின் முன்னணிப் பாடகராக வந்த புரூஸ் கத்ரோ, அதே நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவுக்காரர். 2018 ஆகஸ்டில் ஸ்டர்லிங் கோட்டைக்குக் கீழே நடந்த கடைசிக் கச்சேரிவரை அவர்தான் பாடினார்.

கேலிக் தெரியாததற்காகத் தயங்காதீர்கள். 1872இல் வந்த ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் பள்ளியைக் கட்டாயமாக்கியது, கேலிக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பள்ளிகளில் படித்த தீவுப் பிள்ளைகளுக்கே தங்கள் ஊர்க் கதை தெரியாமல் போனது. 'ஃபிகெட் பிலியானா' பாடல் அதைத்தான் சொல்கிறது, இருபது வருடம் படித்தும் சொந்த வரலாற்றை யாரும் கற்றுத் தரவில்லை என்று. 1978இல் முழுக்க கேலிக்கிலேயே வந்த 'ப்ளே கேலிக்' ஆல்பத்தில் ஆரம்பித்து, ஆண்டு வரிசையில் வாருங்கள். கூடவே ஜேம்ஸ் ஹன்டர் 1976இல் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் தி குரோஃப்டிங் கம்யூனிட்டி'யைப் படியுங்கள். குரோஃப்டர்களை வரலாற்றின் நடுவில் நிறுத்திய புத்தகம் அது. கப்பலேறியவர்களின் கதையை 1994இல் அவர் தனிப் புத்தகமாகவே எழுதினார். அதன் பெயர் 'எ டான்ஸ் கால்டு அமெரிக்கா'. பாடல் வரிகளுக்கு, 2000இல் ரன்ரிக் பாட்டுப் புத்தகமாக வந்த 'ஃப்ளவர் ஆஃப் தி வெஸ்ட்' இருக்கிறது. கேலிக் வரிகளோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. பழைய புத்தகக்காரர்களிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும். நான்கு பேருக்கு ஒரு பிரதி போதும்.